சிறுவர் பாட்டுப் போட்டிப் படப்பிடிப்பில் ஆட்களை எண்ணும் முறையைத் தெளிவுபடுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
தயாரிப்பு நிர்வாகி,
சிறுவர் பாட்டுப் போட்டி (தொலைக்காட்சி நிகழ்ச்சி),
வளசரவாக்கம், சென்னை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
தமிழ் வளர்ச்சி மற்றும் செய்தித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

நாள்: 05.10.2020

பொருள்: கொரோனா கால விதிகளின்படி நடக்கும் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில், ஆட்கள் வரம்பை ஒரே நேரத்தில் இருப்பவர்களை வைத்துக் கணக்கிடுமாறு அறிவுறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தனியார் தொலைக்காட்சி ஒன்றுக்காக 10 முதல் 15 வயதுப் பிள்ளைகள் பாடும் போட்டி நிகழ்ச்சியைத் தயாரிக்கும் குழுவில் நான் நிர்வாகியாக இருக்கிறேன். பூந்தமல்லி அருகே ஒரு படப்பிடிப்புத் தளத்தில் செட் போட்டிருக்கிறோம். அறிமுகச் சுற்று செப்டம்பரில் பாதியில் நின்றுபோனது. விஜயதசமி அன்று (26.10.2020) மறுபடி தொடங்க வேண்டும். தீபாவளி வாரத்தில் முதல் பகுதி ஒளிபரப்பாக வேண்டும் என்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 19ஆம் தேதியோடு எல்லாப் படப்பிடிப்புகளும் நின்றன. மே மாதம் சின்னத்திரைக்கு 20 பேர் என்று முதல் அனுமதி கிடைத்தது. 20 பேரை வைத்து ஒரு வீட்டுக் கூடத்தில் இரண்டு பேர் பேசுகிற காட்சியை எடுக்கலாம், பாட்டு மேடையை எடுக்க முடியாது. துறையினர் கேட்டுக்கொண்டதன் பேரில் மே இறுதியில் அதை 60 ஆக்கினீர்கள். ஜூன் 19 முதல் 30 வரை சென்னை உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் முழு ஊரடங்கு வந்து மறுபடி நின்றது, ஜூலையில் மறுபடி தொடங்கியது. ஆகஸ்ட் இறுதியில் வந்த அறிவிப்பில் திரைப்படப் படப்பிடிப்புக்கு ஒரே சமயத்தில் 75 பேர் வரை என்று இருக்கிறது. எங்களைப் போன்ற போட்டி நிகழ்ச்சிக்கு 60ஆ, 75ஆ? கேட்கிற இடத்தைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

அது ஒரு பக்கம் இருக்கட்டும். எங்களுக்கு உண்மையான சிக்கல் ‘ஒரே சமயத்தில்’ என்பதை எங்கே நின்று எண்ணுவது என்பதில்தான்.

எங்கள் கணக்கைத் திறந்தே சொல்லிவிடுகிறேன். போட்டியில் 12 பிள்ளைகள். அவர்களைக் காலை ஆறு பேர், பிற்பகல் ஆறு பேர் என்று இரண்டு பிரிவாக்கியிருக்கிறோம். ஒரு பிரிவு நடக்கும்போது ஃப்ளோருக்குள் (படமெடுக்கும் கூடத்துக்குள்) 6 பிள்ளைகள், 2 நடுவர்கள், 2 தொகுப்பாளர்கள், 10 வாத்தியக்காரர்கள். கேமராவுக்கு 10 பேர், ஒலிக்கு 4, லைட்டுக்கு 6, கன்ட்ரோல் ரூமில் 5, தள நிர்வாகத்துக்கு 3, மேக்கப், காஸ்ட்யூம் சேர்த்து 4. ஆக 52 பேர். ஃப்ளோருக்கு வெளியே, தனிக் கொட்டகையில் ஆறு பெற்றோர்கள். சாப்பாடு, துப்புரவு, செவிலியர் என்று இன்னும் 9 பேர். வளாகம் முழுவதையும் சேர்த்தால் 67. காலைப் பிரிவு கிளம்பி, தளத்தைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்த பிறகுதான் பிற்பகல் பிரிவு உள்ளே வரும். அந்த ஆறு பிள்ளைகளும் அவர்களின் ஆறு பெற்றோர்களும் வாசல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் அன்றைய மொத்தம் 79 ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் வளாகத்தில் இருப்பது அதே 67 பேர்தான்.

அறிமுகச் சுற்றின்போது பிற்பகல் நான்கு மணி வாக்கில் ஆய்வுக்கு வந்த அலுவலர் பதிவேட்டை வாங்கிக் கடைசி வரிசை எண்ணைப் பார்த்தார். 79. வரம்பை மீறிவிட்டீர்கள் என்றார். காலையில் வந்தவர்கள் போய்விட்டார்கள் என்று சொன்னோம். ‘வெளியே போன நேரம்’ என்ற பத்தியையும் காட்டினோம். ஆணையில் அப்படிப் பிரித்து எதுவும் சொல்லவில்லையே என்றார். அவர் சொன்னதில் தவறில்லை, சொல்லத்தான் இல்லை. அதனால் அவர் மீது எனக்குக் குறை எதுவும் கிடையாது. படப்பிடிப்பை நிறுத்தினோம். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து அம்மாவோடு வேன் வைத்து வந்திருந்த பெண், பட்டுப்பாவாடை கட்டி, தலையில் பூ வைத்து, மேக்கப் கலையாமல் இருக்க முகக்கவசத்தைக் கன்னத்தில் படாமல் விரலால் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் பாட வேண்டிய முறை அடுத்தது. பாடாமலே ஊருக்குத் திரும்பினாள். வேன் வாடகையை நாங்கள் கொடுத்தோம், வேறென்ன செய்ய முடியும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரிவாகப் பிரிக்காமல் 12 பிள்ளைகளையும் 12 பெற்றோர்களையும் காலையிலேயே ஒன்றாக அழைத்திருந்தாலும் பதிவேட்டில் அதே 79தான் வந்திருக்கும். நாள் முழுக்க 79 பேரும் கூடவே இருந்திருப்பார்கள். கூட்டத்தைக் குறைக்க எடுத்த முயற்சிக்கு இந்தக் கணக்கில் மதிப்பே இல்லை. தயாரிப்பாளர் ஒருவருக்கு இதிலிருந்து என்ன யோசனை தோன்றும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதிவேட்டில் பெயர் எழுதாமல் ஆட்களை உள்ளே விடுகிற பழக்கம் இப்படித்தான் வரும். யாருக்காவது தொற்று வந்தால், அவரோடு இருந்தவர்களைத் தேட அந்தப் பதிவேடுதான் சுகாதாரத் துறைக்குக் கையில் கிடைக்கும் ஒரே பட்டியல்.

எதற்கு இவ்வளவு பாடு, பிள்ளைகளை வீட்டிலிருந்தே பாட வைக்கலாமே என்று கேட்கலாம். அமெரிக்கத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியான அமெரிக்கன் ஐடல் ஏப்ரல், மே மாதங்களில் மீதிப் போட்டியைப் போட்டியாளர்களின் வீடுகளிலிருந்தே நடத்தி முடித்தது. அவரவர் வீட்டுக்கு ஃபோன்களும் விளக்குகளும் அனுப்பி எடுத்தார்கள். நாங்களும் முதல் தேர்வை அப்படித்தான் செய்தோம். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோக்களைக் கேட்டுத்தான் இந்த 12 பேரைத் தேர்ந்தெடுத்தோம், ஒருவரையும் நேரில் வரச் சொல்லவில்லை. ஆனால் போட்டிச் சுற்றுகளில் பிள்ளை வாத்தியக் குழுவோடு பாட வேண்டும். திருநெல்வேலியில் பாடும் குரல் இணையம் வழியாக இங்கே வந்து சேருவதற்குள் தபேலா ஒரு தட்டு முன்னே போயிருக்கும். தாளம் நிற்காது. ரெக்கார்டு செய்த டிராக்கை அனுப்பி அதற்கு மேல் பாடச் சொல்லலாம்தான். சில வீடுகளில் இருப்பது ஒரே ஃபோன், அதில்தான் அக்கா தம்பி எல்லோருக்கும் ஆன்லைன் வகுப்பு. நல்ல ஃபோனும் அமைதியான அறையும் உள்ள பிள்ளைதான் அப்புறம் ஜெயிக்கும்.

பாடுவது சாதாரண வேலை, அதில் என்ன ஆபத்து என்று நாங்கள் எண்ணவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் பகுதிச் சேர்ந்திசைக் குழுவினர் 61 பேர் மார்ச் 10ஆம் தேதி மாலை இரண்டரை மணி நேரம் ஒரு கூடத்தில் பாடிப் பயிற்சி செய்தார்கள். சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்து 53 பேருக்கு நோய் வந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் எங்கள் மேடையின் வரைபடத்தையே மாற்றினோம். கோரஸ் கிடையாது. இரண்டு பிள்ளைகள் சேர்ந்து பாடும் சுற்றை எடுத்துவிட்டோம். பாடும் பிள்ளை மேடை நடுவில் தனியாக நிற்கும், மற்ற ஐந்து பேரும் அப்போது முகக்கவசத்தோடு பக்கவாட்டில் இடைவெளி விட்டு உட்கார்ந்திருப்பார்கள். சட்டையில் குத்துகிற லேபல் மைக் வேண்டாம் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது, அதையும் விட்டுவிட்டோம். பிள்ளைக்கு ஒரு கை மைக். அதன் பஞ்சு உறையில் பெயர் எழுதி ஒட்டி, தனித்தனிப் பையில் போட்டு வைக்கிறார் ஒலி உதவியாளர். ஒரு பிள்ளையின் உறை இன்னொருவரின் மைக்கில் ஏறக் கூடாது. மேக்கப் போடுபவர் முழுக் கவச உடையில் நிற்கிறார். ஏ.சி.யை 24 டிகிரிக்குக் கீழே இறக்குவதில்லை. அத்தனை லைட்டுக்குக் கீழே 24 டிகிரி எப்படி இருக்கும் என்பதை லைட்மேன்களிடம்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் பிறகு பெரிய ஷட்டரைத் தூக்கிக் காற்று போக விடுகிறோம். பார்வையாளர்கள் யாரும் இல்லை. கைதட்டுவது வீட்டிலிருக்கும் குடும்பங்கள், எல்.இ.டி. திரையில்.

மூன்றாவது நடுவர் 65 வயதைத் தாண்டிய மூத்த பாடகர். அவர் வீட்டிலிருந்து வீடியோவில்தான் வருவார். வயதைக் காரணம் காட்டிப் படப்பிடிப்புக்கு வரக் கூடாது என்ற மகாராஷ்டிர அரசின் தடையை மும்பை உயர்நீதிமன்றம் ஆகஸ்டில் ரத்து செய்தது எங்களுக்கும் தெரியும். வருவது மூத்த கலைஞர்களின் உரிமை, சரிதான். ஆனால் எஸ்.பி.பி. அவர்களைச் செப்டம்பர் 25 அன்று பறிகொடுத்த பிறகு, மூத்த பாடகர் ஒருவரை மூடிய அரங்குக்குள் கூப்பிட எங்களுக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழான விதிகளின்படி, 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை நிகழ்ச்சியில் பங்கேற்க வைக்க அது நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் அனுமதி வேண்டும். நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். எல்லாம் நல்ல விதிகள். பிரிவு முறை இந்த ஐந்து மணி நேரத்துக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. முன்பெல்லாம் துறையில் பல இடங்களில் பிள்ளைகள் காலை ஏழு மணிக்கு வந்து இரவு வரை தங்கள் முறைக்காகத் தூங்கி வழிந்துகொண்டு காத்திருப்பார்கள். அந்த வழக்கத்துக்குத் திரும்பிப் போகிற நிலையை ஒரு பதிவேட்டு எண் உண்டாக்க வேண்டாம்.

வாத்தியக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயில் திருவிழாக் கச்சேரி இல்லை. கல்யாணத்துக்கு 50 பேர் என்றால், அதில் மெல்லிசைக் குழுவுக்கு யார் இடம் விடுவார்கள்? எங்கள் குழுவில் ரிதம் பேடு (மின்னணுத் தாள வாத்தியம்) வாசிப்பவர் அதை அடகு வைத்திருந்தார், எங்களிடம் முன்பணம் வாங்கித்தான் மீட்டார். படப்பிடிப்பு நின்ற அன்று அவருக்குப் பாதி பேட்டாதான் கொடுக்க முடிந்தது. லைட்மேன்களுக்கும் அப்படியே.

ஆகவே தங்களிடம் பணிவுடன் கேட்டுக்கொள்வது இதுதான். போட்டி நிகழ்ச்சிகளுக்கும் 75 பேர் என்ற வரம்பு பொருந்தும் என்பதையும், அந்த எண்ணிக்கை ஆய்வு நடக்கும் நேரத்தில் வளாகத்துக்குள் இருப்பவர்களைக் குறிக்கும், அன்று வந்துபோனவர்களின் மொத்தத்தை அல்ல என்பதையும் ஒரு விளக்கக் கடிதமாக மாவட்ட ஆட்சியர்களுக்கும் சென்னை மாநகராட்சி ஆணையருக்கும் அனுப்ப வேண்டுகிறேன். 60தான் என்று தாங்கள் முடிவு செய்தாலும் ஏற்றுக்கொள்கிறோம். அப்போது தளத்துக்கு வெளியே தனிக் கொட்டகையில் இருக்கும் பெற்றோர்களையும் சமையல், துப்புரவு ஆட்களையும் அந்த எண்ணில் சேர்க்காமல் இருந்தால் போதும், எங்கள் 52 அதற்குள் அடங்கிவிடும். இரண்டு பிரிவுகளுக்கும் இடையே ஒரு மணி நேர இடைவெளி கட்டாயம் என்று தாங்கள் நிபந்தனை போட்டாலும் மகிழ்ச்சியே. வந்த நேரம், போன நேரத்தோடு பதிவேட்டின் படத்தை மதியமும் மாலையும் ஆட்சியர் அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம்.

கொரோனா பரிசோதனை பற்றி ஒரு சிறு வேண்டுகோள். தனியார் ஆய்வகத்தில் ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனைக்கு அரசு வைத்த உச்சவரம்பு 3,000 ரூபாய். எங்கள் 79 பேருக்கும் ஒரு முறை செய்தால் 2,37,000 ரூபாய். முதல் முறைக்கு நாங்களே செலவழிக்கிறோம். வாராவாரம் எங்களால் தாங்க முடியாது. பூந்தமல்லிப் பகுதியில் நடக்கும் காய்ச்சல் முகாம் ஒன்றைப் படப்பிடிப்புத் தளங்கள் இருக்கும் பக்கம் வாரம் ஒரு நாள் நடத்த சுகாதாரத் துறைக்குத் தாங்கள் பரிந்துரைத்தால், எங்கள் ஆட்கள் மட்டுமல்ல, பக்கத்துத் தளங்களில் சீரியல் எடுப்பவர்களும் பயன்பெறுவார்கள்.

போட்டியாளர்களில் ஒரு பையன் பெங்களூரிலிருந்து வர வேண்டும். அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் இ-பாஸ் (ஊரடங்குக் காலப் பயண அனுமதி) விண்ணப்பித்திருக்கிறோம், அதையும் விரைவுபடுத்த உதவினால் நன்று.

விளக்கக் கடிதம் 20.10.2020க்குள் கிடைத்தால் வெளியூர்ப் பெற்றோர்களிடம் டிக்கெட் எடுக்கச் சொல்ல வசதியாக இருக்கும். மன்னார்குடிப் பெண்ணின் அம்மா இரண்டு நாளைக்கு ஒரு முறை ஃபோன் செய்து தேதி கேட்கிறார். நேரில் வந்து விளக்கச் சொன்னால் மேடை வரைபடத்தோடும் பதிவேட்டோடும் எந்த நாளிலும் வரத் தயாராக இருக்கிறேன்.

இடம்: சென்னை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
தயாரிப்பு நிர்வாகி

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவள்ளூர் – தகவலுக்காகவும், குழந்தைக் கலைஞர்கள் அனுமதி விண்ணப்பத்தோடு சேர்த்துப் பரிசீலிக்கவும்.