ஜாப் கார்டில் நாங்கள் சொன்னதை எழுதுங்கள்

கார் சர்வீஸ் சென்டர்களில் வாடிக்கையாளரை முதலில் சந்திக்கும் அட்வைசர்களுக்கும் அவர்களுடைய மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

சாவியைக் கொடுத்துவிட்டு உங்கள் வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுகிறீர்கள். இவருக்குக் காரைப் பற்றித் தெரியாது, இவர் சந்தேகப் பேர்வழி, இவர் ஓனர் இல்லை என்று அங்கேயே முடிவாகிவிடுகிறது. அதனால் மனசு புண்படுகிறது, உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் இந்த மடலை எழுதவில்லை. ஆளைத் தப்பாக எடை போடுகிற இடத்தில் காரையும் தப்பாகப் பார்த்துவிடுகிறீர்கள். அதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

என் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். என் காரில் வேகம் அறுபதைத் தாண்டியதும் ஓர் உறுமல் கேட்க ஆரம்பித்தது. வேகம் கூடக்கூட அதுவும் கூடியது. ரேடியோவை அணைத்துவிட்டுக் கவனித்தேன். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் வளைத்தால் சத்தம் ஏறும், வலப்பக்கம் வளைத்தால் அடங்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் மாறாது. இதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டுதான் சர்வீஸுக்குப் போனேன். துணைக்குத் தம்பி வந்தான். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

அட்வைசர் என் கையிலிருந்து சாவியை வாங்கினார். வாங்கிய கையோடு தம்பி பக்கம் திரும்பி, “சொல்லுங்க சார், வண்டிக்கு என்ன பிரச்சினை?” என்றார். “அக்காதான் ஓட்டுறாங்க, அவங்களைக் கேளுங்க” என்றான் அவன். நான் சொல்ல ஆரம்பித்தேன். இடப்பக்கம் வளைத்தால் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் டேப்லெட்டில் தட்டி முடித்துவிட்டார். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, பில் யார் பெயரில் என்ற கேள்விகள் மறுபடியும் தம்பியிடமே போயின. கையில் கொடுத்த ஜாப் கார்டைப் பார்த்தேன். வாடிக்கையாளர் சொல்லும் குறை என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: சத்தம்.

எந்த வேகத்தில், எந்தப் பக்கம் வளைக்கும்போது, எப்போது அடங்குகிறது, எதுவுமே இல்லை. உள்ளே வேலை பார்க்கும் மெக்கானிக் என்னைப் பார்க்கப் போவதில்லை. அவருக்குப் போய்ச் சேர்வது அந்தக் கட்டத்தில் இருப்பது மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கார் லிஃப்டில் ஏறியது. வேலை நடப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும், எழுந்து போய்க் கண்ணாடி அருகே நின்றேன். ஓர் ஊழியர் வந்து, “எங்க மேல நம்பிக்கை இல்லையா மேடம்? போய் உக்காருங்க, எல்லாம் பாத்துப்பாங்க” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, ஒரு குழந்தையை அனுப்பிவைக்கிற தொனி இருந்தது. அப்புறம், மாற்றிய ஏர் ஃபில்டரைக் காட்ட முடியுமா என்று கவுன்டரில் கேட்டேன். கொண்டுவரச் சொன்னார்கள், ஆனால் நான் திரும்பியதும் ஒருவர் இன்னொருவரிடம், “யூடியூப் பாத்துட்டு வந்திருப்பாங்க” என்றது என் காதில் விழுந்தது. என் காரிலிருந்து கழற்றிய பாகத்தைக் கேட்டதற்கு இந்தப் பேச்சு.

கடைசியில் வீல் பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் செய்து கொடுத்தார்கள். “ஸ்கேன் பண்ணிப் பாத்தாச்சு, எந்த எரர் கோடும் வரலை. டயர் சத்தம்தான் சார்.” அதுவும் தம்பியிடம்தான்.

வெளியே வந்து அறுபதைத் தொட்டதும் அதே உறுமல்.

பிறகு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் செய்த முதல் காரியம், “நீங்களே ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து கேக்குறேன்” என்றதுதான். திரும்பி வந்து முன் வலப்பக்கச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்தார். என் கையையும் வைக்கச் சொன்னார். கரகரவென்று ஓர் அதிர்வு விரல்களில் ஏறியது. இடப்பக்கச் சக்கரத்தில் அது இல்லை. சக்கரம் உராய்வில்லாமல் சுழல உதவும் பேரிங் போயிருந்தது.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. கார் இடப்பக்கம் வளையும்போது அதன் பாரம் வலப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். தேய்ந்த பேரிங் வலப்பக்கம் இருந்தால் அப்போது அது கூடுதலாக உறுமும், எதிர்ப்பக்கம் வளைத்தால் பாரம் குறைந்து அடங்கும். பேலன்சிங் கோளாறு என்றால் ஸ்டீயரிங் நடுங்கும், வளைவைப் பார்த்துச் சத்தம் ஏறி இறங்காது. ஆக, நான் தாளில் எழுதிக்கொண்டு வந்த இரண்டு வரியிலேயே எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது இருந்தது. அதைக் கேட்க ஆள் இல்லாமல் போனதால், பேரிங் போன காரை நான் மறுபடி சாலையில் ஓட்டிக்கொண்டு போனேன். அது தேயத் தேயச் சக்கரம் ஆட ஆரம்பிக்கும், முற்றிப்போனால் சக்கரமே கழன்றுகொள்ளும் அளவுக்குப் போகலாம்.

ஸ்கேனரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எரர் கோடு, அதாவது கோளாறுக் குறியீடு, வரவில்லை என்பதைக் காரில் குறையில்லை என்பதற்கான சான்றாகச் சொல்கிறீர்கள். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து புதுக் கார்களில் கட்டாயமாகி, இன்று எங்கும் பரவியிருக்கும் ஓபிடி-2 (ஸ்கேனர் படிக்கும், காருக்குள்ளேயே இருக்கும் கோளாறு கண்டறியும் அமைப்பு) முக்கியமாகப் புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்தது. சென்சார் இருக்கும் இடத்தில் நடப்பதைத்தான் அது சொல்லும். பேரிங்கின் உறுமலையோ, பள்ளத்தில் இறங்கும்போது சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர் புஷ் எழுப்பும் ‘டொக்’கையோ, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட்டில் வரும் ‘டக் டக்’கையோ அது கேட்பதில்லை. அதையெல்லாம் கேட்பது ஓட்டுகிறவரின் காதுதான். காரைச் செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பல கார்களின் பிரேக் பேடில் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கிறதே, அது எதற்கு? பேட் தேய்ந்து மெலிந்ததும் டிஸ்க்கில் உரசிக் கீச்சிடத்தான். ஓட்டுகிறவர் கேட்பார், கேட்டு வந்து சொல்வார் என்று நம்பி அதை வைத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கை உங்கள் கவுன்டருக்கு வந்ததும் ஏன் அறுந்துபோகிறது?

பெண் என்பதால்தான் இப்படி நடந்ததா என்று பலரும் என்னைக் கேட்டார்கள். மேகன் பஸ், அயலெட் இஸ்ரேலி, ஃப்ளோரியன் ஜெட்டல்மேயர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் கார் ரிப்பேர் கடைகளுக்கு ஆட்களைப் போன் செய்ய வைத்து, ஒரே மாடல் காரின் ரேடியேட்டரை மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரித்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வின்படி, விலை தெரியாதவர்கள் போலப் பேசியபோது ஆண்களுக்குச் சொன்னதைவிடப் பெண்களுக்குக் கூடுதலான விலை சொல்லப்பட்டது. சந்தை விலையை அறிந்தவர்கள் போலப் பேசியபோது அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. போன் செய்தவர்களின் முகத்தைக்கூட அந்தக் கடைக்காரர்கள் பார்க்கவில்லை, குரலை மட்டும்தான் கேட்டார்கள். என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல இதைக் குறிப்பிடவில்லை, என் பில்லில் ஏமாற்று எதுவும் இல்லை. இவருக்குத் தெரியாது என்ற எண்ணம் எவ்வளவு சீக்கிரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

பெண்களோடு மட்டும் இது நிற்பதும் இல்லை. அதே ஹாலில், வெளுத்துப்போன சட்டை போட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். “ஓனர் எப்போ வருவாரு? எஸ்டிமேட்டுக்கு அவர்தான் ஓகே சொல்லணும்” என்று ஒரு பையன் அவரிடம் கேட்டான். “என் வண்டிதான் தம்பி” என்றார் அவர், குரலை உயர்த்தாமல். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சரி, அவர் டிரைவராகவே இருந்தால்தான் என்ன? டிரைவராக இருப்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. நாள் முழுக்க அந்த ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறவருக்குத் தெரிவது, பின்சீட்டில் உட்காரும் ஓனருக்குத் தெரியாது. காசு கொடுக்கிறவரிடம் எஸ்டிமேட்டைப் பேசுங்கள், தப்பில்லை. காரின் குறையை ஓட்டுகிறவரிடம்தான் கேட்க வேண்டும்.

உங்கள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. காலையில் கதவு திறந்ததும் வரிசையாகக் கார்கள் வந்து நிற்கும். ஒவ்வொருவரும் முதலில் என் வண்டி என்பார்கள். உள்ளே மெக்கானிக் தாமதித்தால் திட்டு வாங்குவது நீங்கள், பில் கூடினாலும் திட்டு வாங்குவது நீங்கள். பல இடங்களில் கூடுதல் வேலைகளை விற்கச் சொல்லி டார்கெட் வேறு. இத்தனைக்கும் நடுவில் ஆளைப் பார்த்ததும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் முடியவில்லையே, கார் மறுபடி உங்களிடமோ வேறொருவரிடமோ வரத்தானே செய்கிறது?

சாவியை வாங்கும்போது, “யார் ஓட்டுறீங்க?” என்று கேளுங்கள். ஓட்டுகிறவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதுங்கள். உறுமல் என்றால் உறுமல், கீச்சென்றால் கீச். சத்தம் பற்றிய குறை என்றால் அவரையே ஓட்டச் சொல்லி யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று போய்வாருங்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால், “எங்களால கண்டுபிடிக்க முடியலை” என்று சொல்லுங்கள். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. காரில் குறையே இல்லை என்று சொல்லிவிட்டால் குறை சொன்னவர் பொய்யராகிவிடுகிறார்.

பழைய பாகத்தைக் கேட்கிறவரையும், கண்ணாடி வழியே பார்க்கிறவரையும் எதிரி போலப் பார்க்காதீர்கள். அவர்களில் பலர் தங்கள் காரை விரும்புகிறவர்கள். உங்கள் வேலையின் அருமை அவர்களுக்குத்தான் தெரியும்.

மேலாளர்களிடம் தனியாக ஒன்று. இதை அட்வைசர்களின் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள். ஒரு காருக்கு அவர்களுக்கு எத்தனை நிமிடம் கொடுக்கிறீர்கள், அந்தப் புகார்க் கட்டத்தை எவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறீர்கள் என்பதை முடிவு செய்வது நீங்கள். என் காரைப் பார்த்த சர்வீஸ் சென்டரின் மேலாளர் இதைப் படித்தால், ‘சத்தம்’ என்று மட்டும் எழுதிய அந்த ஜாப் கார்டும் நான் குறித்துவைத்த தாளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி தரும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். கேட்டால் நகல் எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
தன் காரைத் தானே ஓட்டும் ஒரு வாடிக்கையாளர்