ஐசியு டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்: பேஷன்ட்டையே கேளுங்க

கடலூர், பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிகள்ல ஐசியு பாக்குற டாக்டர்களுக்கு வணக்கம்.

கருணைக்கொலைன்னாலே எங்க மஞ்சக்குப்பத்துல ஊசி போட்டு முடிச்சிடுறதுன்னுதான் நினைக்கிறாங்க. அது நம்ம நாட்டுல குற்றம். ஆனா இனி தேறவே மாட்டார்னு தெரிஞ்சப்புறம் வென்டிலேட்டரை நிறுத்தி நோயை அதன் போக்குல விடுறது வேற, 2011ல, பல வருஷமா சுயநினைவு இல்லாம கிடந்த நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்குலயும் 2018ல அஞ்சு நீதிபதிகள் அமர்வுலயும் சுப்ரீம் கோர்ட்டே கட்டுப்பாடுகளோட இதை ஏத்துக்கிச்சு. வலி தாங்காதவருக்கு அளவா மார்ஃபின் கொடுக்குறதும் கொலை இல்ல, வலியை குறைக்கிறதுதான் அங்க நோக்கம். இதையெல்லாம் நீங்க வாயத் தொறந்து சொன்னாத்தானே ஜனங்களுக்கு தெரியும்?

நடக்குறது என்னன்னு உங்களுக்கே தெரியும், காசும் தீர்ந்து நம்பிக்கையும் போனதும் "சொந்தப் பொறுப்புல கூட்டிட்டு போறோம்"னு மகன்கிட்ட கையெழுத்து வாங்கி அனுப்பிடுறாங்க. எங்க பெரியப்பா அப்படித்தான் வந்தாரு. வாய்ல ட்யூப், ஆம்புலன்ஸ்ல வழியெல்லாம் தம்பிதான் மூச்சுக்காத்து உள்ள தள்ளுற பையை கையால அமுக்கிக்கிட்டே வந்தான், வீட்டு வாசல்ல இறக்கினதும் அமுக்குறத எப்ப நிறுத்துறதுன்னு அவனுக்கு சொல்ல ஒருத்தர் இல்ல. டாக்டர் பக்கத்துல இருந்து, மூச்சுத்திணறலுக்கு மருந்து கொடுத்து செய்யவேண்டியதை ஒரு காலேஜ் பையன் தலையில கட்டினது அநியாயம்.

அதவிட அநியாயம், பெரியப்பாவை யாருமே கேக்கல. அட்மிட் ஆனப்போ நல்லா தெளிவா பேசிட்டு இருந்தவரு. சம்மதம்னா அவரு வாயால வரணும் இல்லையா, விருதுநகர் பக்கம் தலைக்கூத்தல்னு எண்ணெய் தேய்ச்சு குளிப்பாட்டி பெரியவங்கள சாகடிச்சதையும் கருணைன்னுதான் சொல்லிக்கிட்டாங்க. ஒரு கிழவர் "போதும்பா"ன்னா அது வலியில வந்ததா, ஆஸ்பத்திரி பில்ல நினைச்சு வந்ததான்னு பிரிச்சு பாக்க உங்களாலதான் முடியும்.

எந்த நிலைமையில என்ன சிகிச்சை வேணாம்னு முன்கூட்டியே எழுதி வைக்கிறத 2023ல கோர்ட் சுலபமாக்கிடுச்சு, மாஜிஸ்ட்ரேட் கையெழுத்து தேவையில்ல, ரெண்டு சாட்சி, நோட்டரி இல்லன்னா கெஜட்டட் ஆபீசர் போதும். அப்பவும் மும்மூணு டாக்டர் இருக்குற ரெண்டு மெடிக்கல் போர்டு பாத்துதான் முடிவெடுக்கணும், அதனால யாரும் அவசரப்பட்டு எதுவும் பண்ணிட முடியாது.

அதனால கேன்சரோ கிட்னியோ, பேஷன்ட் ஓபிக்கு நடந்து வர்ற காலத்துலயே அவர்கிட்ட பேசிடுங்க. அபசகுனமா பேசுறாருன்னு வீட்டுக்காரங்க திட்டுவாங்க, பொறுத்துக்கோங்க. மகன் மருமகளை கொஞ்ச நேரம் வெளிய உக்கார வச்சிட்டு கேளுங்க, அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலயே கேஸ் ஷீட்ல எழுதுங்க.