லிம் சூ காங் சாலையில் ஞாயிறு காலை: மிதிவண்டியோட்டிகள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமைதியாகச் சைக்கிள் ஓட்டுவதற்குச் சிங்கப்பூரில் கிராமப்புறச் சாலை ஏது, அதற்கு மலேசியாவின் ஜோகூர்ப் பக்கம்தான் போகவேண்டும் என்று நம்மவர்கள் பலர் முடிவு கட்டிவிட்டார்கள். அதனால் பூங்கா இணைப்புப் பாதைகளோடு நின்றுவிடுகிறார்கள். தீவின் வடமேற்கு மூலையில், கிராஞ்சி அணைக்கட்டுக்கும் லிம் சூ காங் படகுத்துறைக்கும் நடுவே, பண்ணைகளையும் அலையாத்திக் காடுகளையும் ஒட்டிப் போகும் சாலைகள் இன்னும் இருக்கின்றன. 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை கரையேறியது இந்தக் கடற்கரையில்தான். கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் தொடங்கினால் போகவர 25 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஆனால் நாளும் நேரமும் தவறினால் இதே வழியில் லாரிகளோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். எனவே, வழிக்கு முன் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை 6.30 மணி. சனிக்கிழமை வேண்டாம், கிராஞ்சி சாலையின் இரு மருங்கும் தொழிற்பேட்டை, சனிக்கிழமையும் கனரக வாகனங்கள் ஓடும். இங்கே சூரியன் உதிப்பது ஏறத்தாழ 7 மணிக்கு. 6.30க்குக் கிளம்பினால் விடியும்போது அணைக்கட்டில் இருக்கலாம், வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். காலை 7 மணிவரை முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரியவேண்டும் என்பது சட்டம். சாலையில் தலைக்கவசமும் கட்டாயம். ஏப்ரல் தொடக்கத்தில் சீனர்களின் சிங் மிங் முன்னோர் வழிபாட்டையொட்டி வரும் வார இறுதிகளைத் தவிர்த்துவிடுங்கள். சுவா சூ காங் இடுகாடுகளுக்குப் போகும் கார்கள் லிம் சூ காங் சாலை வரைக்கும் நெரிசலைக் கொண்டுவந்துவிடும். நோன்புப் பெருநாள் காலையும் அப்படித்தான்.

கார் இல்லாதவர்களுக்கு மடிப்பு சைக்கிளே போதும். மடித்த நிலையில் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் இருந்தால் எம்ஆர்டியில் நாள் முழுவதும் ஏற்றலாம். கிராஞ்சியில் இறங்கி, கிராஞ்சி சாலை வழியாகக் கிராஞ்சி வே என்ற தெருவைப் பிடித்தால் அணைக்கட்டு வந்துவிடும். 1975ல் கட்டி முடித்த அணை இது. ஒரு பக்கம் நன்னீர், மறுபக்கம் ஜோகூர் நீரிணை. அணைமேல் பக்கவாட்டில் காற்று தள்ளும்; கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் இலகுவாகப் பிடித்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஓட்டுங்கள்.

அணையை ஒட்டிய கிராஞ்சி நீர்த்தேக்கப் பூங்காவில் கட்டாயம் இறங்குங்கள். போர் முடிந்த 50ஆம் ஆண்டையொட்டி 1995ல் தீவின் பல இடங்களில் திறந்த புத்தக வடிவில் பலகைகள் வைத்தார்கள். அவற்றில் ஒன்று இங்கே இருக்கிறது, தமிழிலும் எழுதியிருக்கிறது. 1942 பிப்ரவரி 9 இரவு ஜப்பானின் இம்பீரியல் கார்ட்ஸ் படைப்பிரிவு இங்கே கரையேற முயன்றது. எதிரே நின்றது ஆஸ்திரேலியாவின் 27ஆம் பிரிகேட். உட்லண்ட்ஸ் எண்ணெய்க் கிடங்கிலிருந்து திறந்துவிட்ட எண்ணெய் நீரில் பரவித் தீப்பிடித்ததில் கரையேற வந்தவர்கள் பலர் வெந்து மடிந்தார்கள். பலகையைப் படித்துவிட்டு நீரிணையைத் திரும்பிப் பாருங்கள். எதிர்க்கரை எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பது அங்கே நின்றால்தான் புரியும். எந்தப் பாடப்புத்தக வரைபடமும் அதைக் காட்டாது.

அணை தாண்டியதும் சுங்கை பூலோ சதுப்புநில வனம். உள்ளே சைக்கிளுக்கு அனுமதியில்லை, வாசலில் பூட்டி வைக்கவேண்டும். கழிவறையும் தண்ணீரும் கிடைக்கும் இடம் இதுதான். இதற்கு அப்பால் தண்ணீரை நம்பிப் போகாதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு ஆளுக்கு 2 லிட்டர் கையில் இருக்கட்டும், அதில் ஒரு புட்டியில் சிட்டிகை உப்பும் எலுமிச்சையும் கலந்திருந்தால் நல்லது. நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்வை உலராது. தாகம் தெரிவதற்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

இனி நியோ தியூ சாலை. பயணத்தின் உயிரே இந்தப் பகுதிதான். இரு பக்கமும் மரங்கள், இடையிடையே பண்ணை வாசல்கள், சதுப்பு நிலத்திலிருந்து பறவைகளின் குரல். செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகளும் சேர்ந்துகொள்ளும். போகும் திசைக்கு ஒரே தடம் என்பதால் இங்கே இருவர் இருவராகச் செல்லச் சட்டம் இடம் தரவில்லை. ஒருவர் பின் ஒருவராக, ஒரு குழுவுக்கு 5 பேருக்கு மேல் போகாமல் ஓட்டவேண்டும். 2022 ஜனவரியிலிருந்து இதுதான் விதி. பெரிய குழு என்றால் பிரிந்து, இடையே இரண்டு விளக்குக் கம்பத் தூரம் விட்டுச் செல்லுங்கள். பின்னால் வரும் லாரி அந்த இடைவெளியில் ஒதுங்கிக்கொள்ள முடிந்தால்தான் ஓட்டுநர் பொறுமை இழக்கமாட்டார். பயந்து சாலையின் விளிம்போடு ஒட்டிப் போவது நல்லதல்ல. வடிகால் மூடியும் மணலும் அங்கேதான் கிடக்கும். அதைவிட, விளிம்பில் போகிறவரைப் பார்த்தால் அதே தடத்தில் முந்திவிடலாம் என்று ஓட்டுநருக்குத் தோன்றும். ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, நேர்கோட்டில் ஓட்டுங்கள். நாய்கள் துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள்; இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெல்ல நடந்தால் விட்டுவிடும்.

சாலை லிம் சூ காங் சாலையைச் சந்திக்கும் இடத்தில் வலப்பக்கம் திரும்பினால் படகுத்துறை. இந்த மேற்குக் கரையை சரிம்புன் என்பார்கள். பிப்ரவரி 8 இரவு ஜப்பானின் 5ஆம், 18ஆம் டிவிஷன்கள் முதலில் கால்வைத்தது இங்கேதான். ஆஸ்திரேலியாவின் 22ஆம் பிரிகேட்டில் இருந்தவை மூன்றே பட்டாளங்கள்; அவர்கள் காக்கவேண்டியிருந்த கரையின் நீளமோ ஏறத்தாழ 16 கிலோமீட்டர். அடர்ந்த அலையாத்திக் காட்டில், இருட்டில், ஒரு பிரிவை அடுத்த பிரிவு பார்க்கக்கூட முடியாத இடைவெளிகள் விழுந்தன. அவற்றின் வழியே எதிரி ஊடுருவினான். மறுநாளே தெங்கா விமானத் தளம் விழுந்தது. சைக்கிளில் போகும்போது காட்டின் அடர்த்தியும் கரையின் நீளமும் கண்முன்னே விரிகின்றன. காரில் போனால் பத்து நிமிடத்தில் தாண்டிவிடுவோம், ஒன்றும் தங்காது.

இடப்பக்கம், அதாவது தெற்கே போனால் ராணுவப் பகுதிகள். 2016 நவம்பரில் ஆகாயப்படை இந்தச் சாலையின் 2,500 மீட்டர் நீளத்தை ஓடுபாதையாக மாற்றிப் போர்விமானங்களை இறக்கிப் பயிற்சி செய்தது. தெங்கா தள விரிவாக்கத்துக்காகத் தெற்குப் பகுதியைப் பிறகு இடம் மாற்றி அமைத்துவிட்டார்கள், ஆகவே பழைய வரைபடத்தை நம்பவேண்டாம். சிவப்பு எச்சரிக்கைப் பலகை இருக்கும் கிளைச்சாலைக்குள் நுழையாதீர்கள், படமும் எடுக்காதீர்கள்.

வழியில் அதிகம் படுத்துவது பஞ்சர்தான். கண்ணாடித் துண்டு, ஆணி என்று எல்லாரும் தேடுவார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. லாரி டயர்கள் வெடித்துச் சிதறும்போது அவற்றுக்குள் இருக்கும் எஃகுக் கம்பிகள் நூலிழை போலச் சாலையோரம் கிடக்கும். மில்லிமீட்டர் கணக்கில் நீளமுள்ள ஒரு கம்பி டயரைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. அதை எடுக்காமல் புது டியூப் மாட்டினால் ஒரு கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கும். எனவே பழைய டியூபில் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பார்த்து, வால்விலிருந்து அது எவ்வளவு தூரம் என்று அளந்து, டயரின் அதே இடத்தில் உட்புறமாக ஒரு துணியை மெதுவாக இழுங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே கம்பி இருக்கும். விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும். சின்ன இடுக்கியால் உள்ளிருந்து பிடித்து இழுத்தால் வந்துவிடும்.

20 அங்குல மடிப்பு சைக்கிள் வைத்திருப்பவர்கள் டியூப் வாங்குமுன் டயரின் பக்கவாட்டில் 406 என்று இருக்கிறதா, 451 என்று இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டையும் 20 அங்குலம் என்றே விற்பார்கள், அளவு வேறு. அச்சு நட்டால் பூட்டியிருந்தால் 15 மி.மீ. ஸ்பேனர் இல்லாமல் சக்கரத்தைக் கழற்ற முடியாது. டியூப் இரண்டு, டயர் நெம்பி இரண்டு, ஒரு பம்ப், அந்த ஸ்பேனர்: இவை இல்லாமல் அணையைத் தாண்டவேண்டாம். 28 மி.மீ. டயரில் 70 கிலோ எடையுள்ளவர் 70 முதல் 80 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்தால் போதும். 110 வரை ஏற்றினால் சரளைக்கல்லில் தாவும், பிடிப்பு குறையும். எதுவும் கைகொடுக்காவிட்டால் லிம் சூ காங் சாலை முனையிலிருந்து 975ஆம் எண் பேருந்து புக்கிட் பாஞ்சாங் போகிறது, மடிப்பு சைக்கிளை அதில் ஏற்றலாம்.

வானிலையில் ஒன்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் மேற்கிலிருந்து சுமத்ரா சூறைக்காற்று அடிக்கும். கருமேகம் மேற்கே வரிசையாகத் தெரிந்தால் அரை மணிக்குள் இடியும் மழையும் வந்துவிடும். மரத்தடியில் ஒதுங்காதீர்கள், பேருந்து நிறுத்தமோ சுங்கை பூலோ கட்டடமோ பாதுகாப்பு.

திரும்பும் வழியில் உட்லண்ட்ஸ் சாலையில் கிராஞ்சி போர் நினைவகம். அந்தச் சாலையில் வேகம் அதிகம், நடைபாதையில் 10 கிலோமீட்டர் வேகத்துக்குள் போய்விடலாம். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு ஏறுங்கள். கல்லறைக் கற்களில் சாய்க்காதீர்கள். மேலே 1957ல் திறந்த நினைவுச் சுவர்களில் அடக்கமான இடம் தெரியாத 24,000க்கும் அதிகமான வீரர்களின் பெயர்கள், படைப்பிரிவு வாரியாக. பதிவேட்டில் பெயரைத் தேடினால் எந்தச் சுவர் வரிசை என்று எண் கிடைக்கும். பெரும்பாலோர் இங்கிருந்தே இறங்கிவிடுகிறார்கள். சுவர்களுக்கு நேர் பின்னால் நடந்து பாருங்கள். தகனம் செய்யப்பட்டோருக்கென்று தனி நினைவிடம் இருக்கிறது. ஏறத்தாழ 800 பேர், பெரும்பாலோர் இந்தியப் படையினர், தங்கள் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்டவர்கள். நம் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய இடம் அது.

சாலைக்குப் பயப்படும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பழைய மலாயா ரயில் பாதை இருக்கிறது. 2011 ஜூன் 30ல் கடைசி ரயில் ஓடியது. இப்போது 24 கிலோமீட்டர் பசுமை வழி. மழைக்கு மறுநாள் சேறாகும், 35 மி.மீ.க்குக் குறைந்த டயர் சறுக்கும். 1932ல் குவீன்ஸ்வே பக்கம் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய முனியாண்டி கோவில்தான் இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம். பாதையிலிருந்து சற்று விலகினால் தரிசித்துவிட்டு வரலாம். புலாவ் உபின் தீவும் நல்லதுதான். வாடகை சைக்கிளின் இரண்டு பிரேக்குகளையும் கடை வாசலிலேயே சோதித்துவிட்டுப் பணம் கொடுங்கள், அங்கே செக் ஜாவா பக்கம் இறக்கங்கள் செங்குத்தானவை.

லிம் சூ காங்கில் ஏறத்தாழ 390 ஹெக்டேர் நிலத்தை உயர்தொழில்நுட்ப உணவுப் பண்ணை வட்டாரமாக மாற்றும் திட்டம் 2020லேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. அந்தப் பணிகள் தொடங்கினால் சாலை அகலமாகலாம், லாரிகளும் கூடலாம். திட்டமிடுவோருக்கு இரண்டு வேண்டுகோள்: நியோ தியூ சாலையின் ஓரத்தில் தனி மிதிவண்டித் தடத்துக்கு இப்போதே இடம் ஒதுக்குங்கள், லிம் சூ காங் பேருந்து முனையில் ஒரு குடிநீர்க் குழாயும், அணைக்கட்டு, சரிம்புன், போர் நினைவகம் மூன்றையும் இணைக்கும் நான்கு மொழி வழிகாட்டிப் பலகையும் வையுங்கள். தங்கள் நாளிதழும் இந்த வழியை ஒரு வரைபடமாக வெளியிட்டால் பள்ளி விடுமுறையில் பெற்றோருக்கு உதவும்.

இப்படிக்கு,
வாசகர், உட்லண்ட்ஸ்