காற்றின் மேல் பழி போடாதீர்கள்: மீன்வள அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். பினாங்குத் தீவின் தென்கரையில் நீங்கள் நடத்திய விளக்கக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். திரையில் ஒரு படம் ஓடியது. கரையோரமாகக் காற்று வீச, மேல்நீர் விலக, அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வந்தது. "காற்றின் போக்கு மாறிவிட்டது, ஆழ்நீர் மேலே வருவது குறைந்துவிட்டது, அதனால்தான் மீன் இல்லை" என்றார் உங்கள் அதிகாரி. அப்புறம் டீயும் கரிபாப்பும் கொடுத்து எங்களை அனுப்பிவிட்டீர்கள்.

படத்தில் பிழையில்லை. அது எந்தக் கடலின் படம் என்பதுதான் என் கேள்வி.

என் மகள் கடலியல் படிக்கிறாள். அவளிடம் கேட்டேன். பூமி சுழல்வதால், வடகோளத்தில் காற்று தள்ளும் மேல்நீர் காற்றுக்கு வலப்பக்கமாக ஒதுங்கும். இதை எக்மன் என்ற ஸ்வீடன் நாட்டுக் கடலியல் அறிஞர் 1905இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து வீசும் காற்றுக்கு, மலேசியாவின் கிழக்குக் கரையில் இருக்கும் திரெங்கானுவில் வலப்பக்கம் என்றால் திறந்த கடல். மேல்நீர் அங்கே விலகிப்போகும், அடிநீர் நைட்ரேட், பாஸ்பேட் என்ற சத்துகளைச் சுமந்து ஏறும்; மீனுக்கு இரையாகும் பாசி அதில்தான் வளரும். அதே காற்றுக்கு நம் மேற்குக் கரையில் வலப்பக்கம் எது? கரைதான். நீர் நம் பக்கம்தான் ஒதுங்கும், அடிநீர் மேலே ஏற இடமில்லை. போதாததற்கு சுமத்திரா குறுக்கே நின்று காற்றை மறிக்கிறது, மலாக்கா நீரிணையும் இங்கே ஆழமில்லை. நம் கடலின் சத்து பெரும்பாலும் ஆற்றிலிருந்தும் அலையாத்திக் காட்டிலிருந்தும் ஓதம் கலக்கிவிடும் சேற்றிலிருந்தும் வருகிறது.

ஆகவே பணிவோடு கேட்கிறேன்: பினாங்குக் கடலில் எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த ஆழத்தில் நீரின் வெப்பத்தையும் நைட்ரேட்டையும் அளந்தீர்கள்? அந்தக் கணக்கை வெளியிடுங்கள்.

எனக்கு மீன் பிடித்துத் தரும் மலாய்ப் பெரியவர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுபவர், விடியுமுன் ஐஸ் வாங்கி, எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்றிக் கிளம்புகிறார். முன்பெல்லாம் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே கெம்போங் மீன் விழும். இப்போது அதையும் தாண்டிப் போகிறார். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் மீனைவிட ஐஸ்தான் அதிகம். அந்த ஐஸைப் படகுத்துறையிலேயே கவிழ்த்துவிட்டு, அடியில் கிடக்கும் மீனை ஒரு பைக்குள் அள்ளி என்னிடம் நீட்டுவார். விலை பேசமாட்டார், முகத்தையும் பார்க்கமாட்டார். பெட்ரோல் காசாவது தேறட்டும் என்று நான் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறேன். அந்தக் கூடுதலை விலையில் ஏற்றினால் பாசாரில் "என்னக்கா, மீனா தங்கமா?" என்கிறார்கள். காற்று மாறிவிட்டது என்று அவர்களுக்கு நான் பாடம் நடத்தட்டுமா?

தென்னமெரிக்காவின் பெரு நாட்டை உதாரணம் காட்டினீர்கள். 1972இல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, வந்தபோது அங்கே மேலேறிய நீரே சூடாகவும் சத்தில்லாமலும் இருந்தது, நெத்திலி சரிந்தது. உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே அளவு மீறி வாரியதும் ஒரு காரணம் என்று மீன் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்தப் பாதியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கரையோரம் மண் கொட்டி நிரப்புவதும் காற்றின் வேலையா? இரவில் இழுவைப் படகுகள் கிட்டே வந்து கடலடியைச் சுரண்டுகின்றனவே, அதுவும் காற்றா? அப்படியென்றால் காற்றுக்கு ஒரு சம்மன் அனுப்புங்கள், நாங்களும் சாட்சி சொல்ல வருகிறோம்.

சரி, மன்னிக்கவும். கேட்க வந்தது ஒன்றுதான். அளந்த கணக்கை வெளியிடுங்கள். மலாயில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம் இருந்தால் போதும். அளக்கவில்லை என்றால் அதையே எழுத்தில் தாருங்கள். இனிமேல்தான் அளக்கப்போகிறீர்கள் என்றால், உங்கள் ஆட்களையும் கருவிகளையும் தன் படகிலேயே ஏற்றிக்கொண்டு போகப் பாக்சிக் தயார். பெட்ரோல் மட்டும் நீங்கள் ஊற்றுங்கள்.

இப்படிக்கு,
பாயான் லெப்பாஸில் மீன் விற்கும் ஒருத்தி