மூவலூர் அம்மையார் பெயரிலான திட்டத்தில் எங்களுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தபின் படிப்பையோ தொழிலையோ கலையையோ புதிதாகத் தொடங்கிய பெண்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதில் வரும் பெண்கள் அனைவரும் போற்றத்தக்கவர்களே. ஆனால், கட்டுரை முழுவதும் அவர்களுடைய மன உறுதி மட்டுமே காரணமாகச் சொல்லப்பட்டிருப்பது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. ஐம்பத்திரண்டாம் வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வைப் பள்ளியில் சேராமல் தனித்தேர்வராக எழுதி, பிறகு மேல்நிலைத் தேர்வுகளையும் முடித்து, இப்போது ஐம்பத்தெட்டு வயதில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் அரசு நடத்தும் புதுமைப்பெண் உதவித்தொகைத் திட்டத்தில் என் போன்றவர்களுக்கும் இடம் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது வயதுக்கு வந்தேன். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. பதினெட்டில் திருமணம். படிக்க வேண்டும் என்ற ஆசை அதற்குப் பிறகு ஒரு நாளும் என்னை விட்டுப் போனதில்லை. பிள்ளைகளின் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போடும்போதெல்லாம் அவற்றைப் படித்துவிட்டுத்தான் கொடுப்பேன். ஆசை இருந்தும் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே, உறுதி இருந்தால் எல்லாம் நடக்கும் என்று எழுதும்போது, நடக்காமல் போன பெண்களுக்கெல்லாம் உறுதி இல்லை என்று சொன்னதுபோல் ஆகிவிடுகிறது. என் தெருவிலேயே என்னைவிட உறுதியுள்ள பெண்கள் பத்துப் பேராவது இருக்கிறார்கள்.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். 1991-இல் இங்கே பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது என் மாமியாருக்கு வயது நாற்பத்தேழு; கைநாட்டு. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்தே இயக்கத்துக்குள் கொண்டுவந்தார். பெண்கள் மிதிவண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. பகல் வேலை முடிந்து வெளிச்சம் மங்கிய நேரத்தில், கோயில் திடலில் என் மாமியார் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டி ஓட்டப் பழகினார். ஆண்கள் ஓட்டும், பார் வைத்த வண்டிதான் அது. நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். இரண்டு முறை விழுந்து முழங்கை சிராய்த்தது; மூன்றாம் வாரம் பிடியை விடச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பாரில் பேத்தியையும் கேரியரில் தண்ணீர்க் குடத்தையும் வைத்துக்கொண்டு அவர் வருவதைப் பார்த்து, கேலி பேசியவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். என் மாமியாருக்குத் திடீரென்று துணிச்சல் வந்துவிடவில்லை. மாவட்டம் முழுவதும் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே நேரத்தில் வண்டி பழகியதால், அவரைத் தனியாக நிறுத்திக் கேலி செய்ய எவராலும் முடியாமல் போனது. ஊரும் நிர்வாகமும் சேர்ந்து நடத்திய காரியம் அது.

தனித்தேர்வராகப் போனபோது எனக்கு அப்படி ஒரு துணை இருக்கவில்லை. முதலில் பழைய பள்ளியில், அங்கே படித்ததற்குச் சான்றான ரெக்கார்டு ஷீட் வாங்க வேண்டியிருந்தது. அதில் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் கணவரின் இனிஷியல். பிறந்த தேதியும் ஒத்துப்போகவில்லை. இந்த மூன்றையும் ஒன்றாக்க நான் அலைந்த அலைச்சல் நான்கு மாதம். ஓர் அலுவலகத்தில், “பேரன் பேத்தி எடுத்த வயசுல இது எதுக்கும்மா?” என்று கேட்டார்கள். கேட்டவரும் என் வயதுப் பெண்மணிதான் என்பது இன்றும் என் மனதில் கிடந்து உறுத்துகிறது.

பத்தாம் வகுப்பை முதன்முறையாக எழுதும் தனித்தேர்வர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிந்து, அந்த வகுப்புகளில் எண்பது விழுக்காடாவது கலந்துகொள்ள வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான், அதை நான் குறை சொல்லவில்லை. சோதனைக் குழாயை இடுக்கியால் பிடித்துக்கொண்டு, நீல லிட்மஸ் தாள் என் கையில் சிவப்பாக மாறிய அந்தக் காலை நேரத்தை நான் இறக்கும்வரை மறக்க மாட்டேன். புளியும் சோடா உப்பும் முப்பது ஆண்டுகள் கையாண்டவளுக்கு, அமிலம் எது, காரம் எது என்று அன்றுதான் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால், வகுப்பு காலை ஒன்பதரைக்கு. வீட்டில் படுக்கையில் இருந்த மாமியாருக்குக் கஞ்சி கொடுத்து, உடை மாற்றி, அவரை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு அந்த நேரத்துக்குள் போய்ச் சேர்வது எத்தனை பெண்களுக்கு இயலும்? என்னோடு பெயர் பதிந்த நாற்பது வயதுப் பெண்கள் மூவரில் இருவர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். ஒருவருக்கு மருமகளின் பிரசவம். இன்னொருவருக்கு நூறு நாள் வேலை. என் மாமியாரைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டு அம்மா இசைந்தார் என்ற ஒரே காரணத்தால் நான் முடித்தேன்.

பள்ளித் தேர்வுகளை எழுதாமல் நேரடியாகப் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெறும் பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படாது என்று 2009-இல் அரசாணை வந்தது. எனக்கு இனி அரசு வேலை இல்லை. என்றாலும் என்னைப் பார்த்துப் படிக்க வரும் முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அது தேவைப்படும். அவளுக்கும் இந்த நீண்ட வழிதான் உண்டு.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்தறிவுத் திட்டம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு, 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் இருக்கிறது. அதனால் எங்கள் ஊரிலிருந்தே பல பிள்ளைகள் கல்லூரிக்குப் போவதைப் பார்த்து மகிழ்கிறேன். இரண்டுக்கும் நடுவில், எட்டாவதோடும் ஒன்பதாவதோடும் நின்று, நாற்பது வயதில் மீண்டும் தொடங்க நினைக்கும் பெண்ணுக்குத் தேர்வு எழுத அனுமதி உண்டு. அதற்கு மேல் கைதூக்கிவிட ஒருவரும் இல்லை. அவள் முட்டி மோதிப் பட்டப்படிப்புவரை வந்துவிட்டாலும், அஞ்சல்வழியிலோ திறந்தநிலையிலோ படிப்பவர்களுக்குப் புதுமைப்பெண் உதவித்தொகை கிடையாது.

இத்தனைக்கும் அந்தத் திட்டத்தின் முழுப் பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். 1883-இல் பிறந்த அம்மையார், தேவதாசி முறையை எதிர்த்துத் தாம் எழுதிய நாவலை வெளியிட்டது 1936-இல். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. 1938-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைவரை நாற்பத்திரண்டு நாள் நடந்த படையில் ஆண்களோடு அவரும் நடந்தார். அவ்வாண்டே சிறைக்கும் சென்றார். வாழ்வின் பெரிய காரியங்களை ஐம்பதுக்கு மேல் செய்து காட்டிய ஒருவரின் பெயர் தாங்கிய திட்டத்தில், அவர் வயதை ஒத்த ஒரு மாணவிக்கும் இடமில்லை என்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. இளம்பெண்களுக்குத் தருவதைக் குறைத்து எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்கவில்லை. முப்பத்தைந்து வயதைக் கடந்து, பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம்வரை எந்த நிலையில் படிக்கும் பெண்ணையும் அதில் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன். செய்முறை வகுப்புகளைச் சனி, ஞாயிறு பிற்பகல்களில் வைக்கலாம். இனிஷியல், பிறந்த தேதிச் சிக்கல்களை ஒரே மேசையில் தீர்த்துவைக்க ஒவ்வோர் ஊராட்சி ஒன்றியத்திலும் ஒருநாள் முகாம் நடத்தலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபிறகு, வகுப்புக்குப் போக வீட்டில் காசு கேட்டு நிற்கும் நிலை எனக்கு இல்லாமல் போனது. அந்தச் சின்ன மாற்றம் எனக்குத் தந்த விடுதலையை நினைத்துத்தான் இவ்வளவு நம்பிக்கையோடு கேட்கிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை இப்பொருளில் கட்டுரை வெளியிடும்போது, பரிசு பெற்றவர்களைப் பேட்டி காண்பதோடு நில்லாமல், ஏதேனும் ஒரு மாவட்டத்தில் தனித்தேர்வர்களுக்கான செய்முறை வகுப்பு நடக்கும் நாளில் தங்கள் நிருபரை அங்கே அனுப்புங்கள். பின்வரிசையில் எங்களைப் போன்றவர்கள் இரண்டு மூன்று பேர் அமர்ந்திருப்பார்கள். அன்று காலை எத்தனை மணிக்கு எழுந்தார்கள், வீட்டில் யாரை யாரிடம் விட்டு வந்தார்கள், சென்ற வாரம் வந்து இந்த வாரம் வராமல் போனவர் யார் என்று அவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
புதுக்கோட்டை மாவட்டம்.