தண்ணீர் வைக்காத கடை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. மகள் வேலையில் சேர்ந்த சேதி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம். காரம் என்றால் நீயும் நானும் போட்டி போட்டுச் சாப்பிட்டவர்கள். அதனால் இதை முதலில் உனக்குத்தான் எழுத வேண்டும்.

எங்கள் தெருமுனைக்கு ஒரு விசித்திரமான சாப்பாட்டுக் கடை வந்திருக்கிறது. ஒரு நாற்காலி போல இன்னொன்று இருக்காது. மெனு கிடையாது, கரும்பலகையில் எழுதியிருப்பதுதான் அன்றைய சாப்பாடு. மேஜையில் தண்ணீரே வைப்பதில்லை. உட்கார்ந்ததும் ஒரு கிண்ணம் கெட்டித் தயிர் வந்தது. கறி அதற்கப்புறம்தான்.

கருஞ்சிவப்பாக, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றது. முதல் வாயில் வதங்கிய வெங்காயத்தின் தித்திப்புதான் தெரிந்தது. இவ்வளவுதானா என்று அடுத்த வாய் எடுக்கும்போது தொண்டையின் அடியிலிருந்து ஏறியது பார், காது மடல் சுட்டது, உச்சந்தலை வேர்த்தது, விக்கல் வந்துவிட்டது. ஆனாலும் கை நிற்கவில்லை. அவ்வளவு எரிச்சலிலும் மல்லி வாசமும் மிளகு வாசமும் தனித்தனியாகத் தெரிந்தன. அதுதான் கைப்பக்குவம்.

கடைக்காரர் நிறைய விஷயம் தெரிந்த மனிதர். காரம் ருசியே இல்லை, அது வலி என்றார். சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் விழித்துக்கொள்ளும் ஏற்பி ஒன்று, சூட்டை உணரும் உறுப்பு போல, நரம்பு நுனியில் இருக்கிறதாம். அதே ஏற்பியைத்தான் மிளகாயிலுள்ள கேப்சைசின் என்ற காரப்பொருளும் தட்டி எழுப்புகிறதாம். அதனால் மூளை, வாய் வெந்துவிட்டது என்றே நம்பிவிடுகிறது. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது உனக்கும் நினைவிருக்கும். கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. தண்ணீர் குடித்தால் எரிச்சல் அடங்காது. தயிரிலுள்ள கேசின் என்ற புரதம் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். தயிர் முதலில் வந்த காரணம் அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்றும் சொன்னார். காரம் விதையில் இருப்பதாகத்தானே நினைத்திருந்தோம்? விதை ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைத் தண்டில்தான் அதிகமாம். நிறத்துக்குப் போடும் மிளகாயில் அதைக் கிள்ளி எடுத்துவிட்டு, உறைப்புக்கு வேறு சின்ன மிளகாயைச் சேர்க்கிறார். கறி அத்தனை சிவப்பாக இருந்தும் காரம் தாமதமாக ஏறியது அதனால்தான் போலிருக்கிறது.

மிளகாய்ச் சாற்றை ஊற்றி, சாப்பிட்டு முடித்தால் சுவரில் படம் மாட்டுகிறோம் என்று பந்தயம் கட்டும் கடைகளும் இருக்கின்றன. அது சமையலே இல்லை என்பது என் கட்சி. சாப்பிடுகிறவன் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்து இவர் சமைக்கிறார்.

உன் வயிற்றுப்புண் இப்போது எப்படி இருக்கிறது? டாக்டர் சரி என்றால் லீவு போட்டுவிட்டு வா. வெறும் வயிற்றோடு போகக்கூடாது, காலையில் வீட்டில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு மத்தியானம் போவோம். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. வெள்ளிக்கிழமை ராத்திரியே வண்டி ஏறிவிடு.

அன்புடன்,
உன் நண்பன்