போல்ட் நம்பரையும் உரிமத்தில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராணுவத்தில் ஆயுதம், வண்டிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டுவதுதான் என் தொழில். போன மாதம் ஏற்காட்டில் என் மைத்துனர் வீட்டில் பார்த்த ஒரு விஷயத்தை உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

அவருக்கு அங்கே காபித் தோட்டம் இருக்கிறது. முறையான உரிமத்தோடு, பழைய .315 ரைஃபிள் ஒன்றை ஒரு கடையில் வாங்கியிருந்தார். மேற்கு வங்கத்தில் உள்ள இஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தது. ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்பதால், ராணுவத்தின் பழைய லீ என்ஃபீல்டு ரைஃபிளின் அமைப்பிலேயே வேறு தோட்டாவுக்குச் செய்த துப்பாக்கி இது. "எல்லாம் கம்பெனி பார்ட்ஸ், ஒரு ஸ்க்ரூகூட மாத்தலை" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்.

கையில் வாங்கியதும் நான் முதலில் பார்த்தது நம்பரைத்தான். பாரல், அதாவது குழல், வந்து சேரும் இடத்தில், பாடி என்கிற நடு உடலின் வலது பக்கம் ஒரு நம்பர் இருக்கும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னாலிருந்து பூட்டும் உருளைதான் போல்ட்; அதன் கைப்பிடியின் பின்புறத்திலும் அதே நம்பர் இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் பாடியில் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் கறுப்பு ஏறியிருக்க, போல்ட்டில் பள்ளம் வெள்ளையாகப் பளபளத்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அரம் ஓடிய கோடுகள் தெரிந்தன. கடைசி எண்ணுக்கு அடியில் பழைய எண் ஒன்றின் வால் அழியாமல் நின்றது. வேறு துப்பாக்கியின் போல்ட்டை ராவி, இதன் நம்பரை அடித்திருக்கிறார்கள்.

தோளில் வைக்கும் மரக்கட்டையான பட் மாறியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். ராணுவத்திலேயே கை நீளத்துக்கு ஏற்ப பட் மாற்றுவோம். குட்டை பட்டுக்கு 'எஸ்', நீளத்துக்கு 'எல்' என்று அதிலேயே குத்தியிருக்கும். மேகசின், ஸ்க்ரூ மாறினாலும் விலைதான் குறையும். போல்ட் அப்படி இல்லை. அதன் பின்பக்கத்துப் பூட்டுகள் இரண்டும் அந்தந்த பாடியில் ஒன்றுபோல் உட்கார வேண்டும். போல்ட் முகத்துக்கும், தோட்டாவின் விளிம்பு போய் உட்காரும் பாரல் முனைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியான ஹெட் ஸ்பேஸும் சரியாக இருக்க வேண்டும். .303-க்கு இந்த இடைவெளியைச் சோதிக்க நாங்கள் இரண்டு கேஜ், அதாவது அளவுக் கட்டைகள், வைத்திருப்போம். 0.064 அங்குலக் கேஜில் போல்ட் மூட வேண்டும், 0.074-ல் மூடக் கூடாது. கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதைத் தாண்டினால் சுடும்போது பித்தளைக் கூடு இழுபட்டு, அடிப்பக்கம் அறுந்து, சூடான வாயு சுடுகிறவன் முகத்துக்கே திரும்பும்.

மைத்துனர் குறி பார்க்கச் சுட்ட ஐந்து காலித் தோட்டாக்களை எடுத்து வைத்திருந்தார். வெயிலில் திருப்பிப் பார்த்தேன். மூன்றில், விளிம்புக்குச் சற்று மேலே, மோதிரம் போட்டதுபோல ஒரு வெள்ளை வளையம். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தால் அதே இடத்தில் பள்ளம் தட்டியது. இன்னும் எத்தனை தடவை தாங்கியிருக்குமோ! "இனிமே இதைத் தொடாதீங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைக்காரரிடம் அவர் போய்க் கேட்டதற்கு, "சுடுதுல்ல, அப்புறம் என்ன?" என்றாராம்.

போல்ட் மாறுவதற்கு ஏமாற்று மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ராணுவத்தின் ஆயுதக் கிடங்கான கோத்தில் போல்ட்டைக் கழற்றித் தனியாக வைப்பது வழக்கம். சீட்டுக் கட்டாமல் வைத்தால் மாறிப்போகும். நானே இரண்டு முறை இரவெல்லாம் உட்கார்ந்து சேர்த்திருக்கிறேன். தேர்தல் சமயத்தில் உரிமதாரர்கள் துப்பாக்கியை ஒப்படைக்கும் இடங்களிலும் இப்படி நடக்கலாம். ஆனால் மாறியதை மறைக்க நம்பரை ராவுவது குற்றம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவு அதைத் தடை செய்கிறது. திருத்திய நம்பரோடு ஒரு துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ, அவரே திருத்தியதாகத்தான் அந்தப் பிரிவு கருதும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. செய்தவன் யாரோ, பதில் சொல்ல வேண்டியது ஏமாந்து வாங்கிய என் மைத்துனர்!

அரசிடம் நான் கேட்பது இதுதான். பழைய ரைஃபிள் கைமாறும்போது பாடி நம்பரோடு போல்ட் நம்பரையும் உரிமத்தில் எழுதுங்கள். ஒப்படைக்கும்போது கொடுக்கும் ரசீதிலும் எழுதுங்கள். விற்கும் கடைக்காரர் கேஜ் போட்டுப் பார்த்ததாகக் கையெழுத்திட்டுச் சீட்டுக் கொடுக்கட்டும். கேஜ் இருந்தால் ஐந்து நிமிட வேலை. வாங்குகிறவர்களும் பணம் கொடுக்கும் முன் போல்ட்டைக் கழற்றி, ஒரு லென்ஸோடு வெளிச்சத்தில் நின்று பாருங்கள். பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

மைத்துனர் மாவட்ட நிர்வாகத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த ஐந்து காலித் தோட்டாக்களும் அவரிடம் பத்திரமாக இருக்கின்றன. விசாரணைக்குக் கூப்பிட்டால் நானும் வந்து சாட்சி சொல்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் (ஆர்மரர்),
வேலூர் மாவட்டம்.